மோட்டார்க் கம்பிகளைப் பற்றி: பந்தயக் கார்த் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



மின்விசையால் ஓடும் சிறிய பந்தயக் கார்களைத் தம் கையாலேயே பூட்டி, திடலோரத்து மேடையில் நின்று ரேடியோ அலைகளின் வழியே அவற்றைச் செலுத்தி மகிழும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களுள் நெடுநாட் பழக்கம் உடையவரும் உண்டு; முதல் கிட்டைப் பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டு, எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாலிபரும் உண்டு. இரு சாராரிடமும் நான் பேச விரும்பும் விஷயம் ஒன்றே. பந்தயத்தின் நடுவில் நின்றுபோன காரைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்துப் பரிசோதிக்கும்போது, மோட்டார் குற்றமற்றதாகவும் பாட்டரி சக்தி குன்றாததாகவும் இருக்க, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு கம்பியின் முனை மட்டும் பற்று விட்டுத் தொங்குவதை நீங்களும் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். அந்தக் குறை நம்மால் தடுக்கக்கூடியது என்பதும், தடுக்கும் முறை சிரத்தையுள்ள எவரும் கற்கக்கூடியது என்பதும் என் உறுதியான நம்பிக்கை. அதனாலேயே இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

அக்கம்பிகள் ஆற்றும் பணி இன்னது என்பதை முதலில் சற்று எண்ணிப் பார்ப்போம். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 காரின் உருவில் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டபோது, மோட்டாருக்கு வேண்டியிருந்தவை இரண்டே கம்பிகள். உள்ளே கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரைத் தொட்டுக்கொண்டு, சுழற்சிக்கு ஏற்ப மின்னோட்டத்தின் திசையை மாற்றிக் கொடுத்தன. இன்று பந்தயங்களில் பெரும்பான்மையாக வழங்குவது பிரஷ்லெஸ் மோட்டார். பிரஷ்கள் செய்துவந்த தொழிலை இ.எஸ்.சி. என்று நாம் அழைக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே ஏற்றுக்கொண்டு, மூன்று கம்பிகளின் வழியே முறைவைத்து மின்சாரத்தைச் செலுத்துகிறது. ஒரு கம்பியில் சென்ற மின்னோட்டம் மற்றொரு கம்பியில் திரும்பியாக வேண்டுமாதலால், மோட்டாரின் வாயிலில் அது எந்த நொடியிலும் குறைந்தது இரண்டு ஈயப்பற்றுகளைக் கடந்தே தீரவேண்டும். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் இரு செல் லிப்போ பாட்டரியின் பெயரளவு வோல்டேஜ் 7.4. அவ்வளவு சிறிய அழுத்தத்தில் பெரிய சக்தியைப் பெற வேண்டுமானால், மின்னோட்டம் பெரிதாவதைத் தவிர வேறு வழியில்லை. வளைவிலிருந்து வெளிப்பட்டுக் கார் வேகமெடுக்கும் கணத்தில் ஐம்பது, அறுபது ஆம்பியர் பாய்வது சாதாரணம். மாடிஃபைடு வகுப்பின் மோட்டார்களில் கணநேரத்துக்கு 100 ஆம்பியரையும் அது எட்டுவதுண்டு.

மின்னோட்டம் பாயும் பாதையில் பிறக்கும் உஷ்ணம், அப்பாதையின் தடைக்கு நேர் விகிதத்திலும், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் பெருகும் என்று ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் 1841இல் வெளியிட்ட விதி, நம் சிறிய கார்களையும் விட்டுவைப்பதில்லை. செவ்வையாக வைத்த பற்றின் தடை ஒரு மில்லி ஓமுக்கும் மிகக் கீழே இருக்கும். அதே பற்று அரைகுறையாக அமைந்து தடை 5 மில்லி ஓம் ஆகிவிட்டதென்று கொள்ளுங்கள். தடித்த 12 கேஜ் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்குக் கொண்டிருக்கும் தடை ஏறக்குறைய அவ்வளவு. 60 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 0.3 வோல்ட் வீணாவதோடு, 18 வாட் உஷ்ணமும் பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் நுண்ணிய வேலைக்கு வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயனின் சக்தி கிட்டத்தட்ட இவ்வளவே. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஈயப்பற்று உருகுவது 183 டிகிரி செல்சியஸில். மோட்டாரின் கூடு ஏற்கெனவே எண்பது டிகிரியை நெருங்கியிருக்கும் வேளையில், இந்த உஷ்ணமும் அதனோடு சேர்ந்தால் பற்று நெகிழ்வதில் வியப்பென்ன? நெகிழ்ந்த பற்றின் தடை முன்னிலும் அதிகமாகிறது. தடை அதிகமாக உஷ்ணமும் அதிகமாகிறது. இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போய், முடிவில் கம்பி தானாகவே கழன்று விழுகிறது.

உஷ்ணத்தால் வரும் கேட்டை நம்மில் பலர் அறிவோம். அசைவினால் வரும் கேட்டை உணர்ந்தவர் மிகச் சிலரே என்பது என் அபிப்பிராயம். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலிக்கோன் உறையிட்ட நம் கம்பி, மயிரிழையை ஒத்த மெல்லிய செப்பு இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஆனது. அதன் மென்மைக்கு அதுவே காரணம். முனையில் பற்று வைக்கும்போது உருகிய ஈயம் அந்த இழைகளின் இடைவெளிகளில் புகுந்து, உறைக்குள்ளும் சிறிது தூரம் ஏறிச் செல்கிறது. ஏறிய தூரம்வரை இழைகள் யாவும் இறுகி ஒரே தண்டாகிவிடுகின்றன. அதற்கப்பால் அவை முன்போலவே நெகிழ்ந்திருக்கின்றன. தண்டு முடிந்து இழைகள் பிரியும் அந்த எல்லையில்தான் காரின் ஒவ்வொரு குலுக்கலும், ஒவ்வொரு மோதலும், கம்பியைக் கையால் ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் உண்டாகும் வளைவு முழுவதும் வந்து குவிகிறது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைந்து கொடுக்கும் உலோகம் நாளடைவில் முறிந்தே தீரும். ஓர் இழை அறும்; பிறகு பத்து அறும்; எஞ்சியவை முழு மின்னோட்டத்தையும் சுமந்து சூடேறும். இவ்வளவும் உறைக்குள்ளே நடப்பதால் வெளியே இருப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பற்று பளபளப்பாக, பார்ப்பதற்கு ஒரு குறையும் இன்றித்தான் இருக்கும்.

எனவே, நான் உங்களிடம் வலியுறுத்த விரும்பும் கொள்கை இது: மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டிய பற்று, இழுவையையும் அசைவையும் ஒருபோதும் சுமக்கலாகாது. அந்தப் பாரத்தை ஏற்பதற்குக் காரின் வேறோர் அங்கத்தை நாம் முன்கூட்டியே நியமித்துவிட வேண்டும். பற்றை எவ்வளவு பெரிதாக வைத்தாலும், எவ்வளவு ஈயத்தைக் குவித்தாலும், இந்தக் கடமையை அதன் தலையில் சுமத்தினால் அது தோற்றுப்போகும்.

பற்று வைக்கும் முறைக்கு வருவோம். பாட்டரியை முற்றிலும் அகற்றிய பிறகே இந்த வேலையில் கைவைக்க வேண்டும் என்பதை வாலிபர்கள் முதற்கண் நினைவில் கொள்ளட்டும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர், பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, அழுக்கு நீங்கிய கணத்திலேயே ஈயத்தை வைத்துத் துணியால் பரப்புவதைப் பார்த்த மூத்தவர்கள் உங்களுள் இருக்கலாம். உலோகம் சுத்தமாகவும் சூடாகவும் இருந்தாலன்றி ஈயம் பற்றாது என்னும் அதே நியமமே நம் மேசையிலும் செல்லும். ஆனால், நவச்சாரமும் அமில வகைகளும் எஞ்சி நின்று செம்பை அரிக்கக்கூடியவை. மின்சார வேலைக்கு அவை உதவா. பைன் மரப் பிசினிலிருந்து செய்த ரோசின் ஃபிளக்ஸையே நாம் பயன்படுத்த வேண்டும். கம்பிகள் பற்றவேண்டிய, மோட்டாரின் பின்புறத்துத் தகடுகளை மெல்லிய உப்புக்காகிதத்தால் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தகட்டுக்கும் கம்பியின் முனைக்கும் தனித்தனியே ஈயம் பூசிக்கொண்டு, அதன்பிறகே இரண்டையும் சேர்ப்பது முறை.

அயனைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாக நினைக்கிறார்கள். பெரிய அயன் மோட்டாரைக் கெடுத்துவிடும், ஆகவே சிறியதைக் கொண்டு மெல்லச் செய்வோம் என்று அஞ்சுகிறார்கள். 25 வாட் அயனின் கூரிய முனை தடித்த தகட்டைத் தொட்டவுடனே தன் உஷ்ணத்தை இழந்துவிடுகிறது. ஈயம் உருகும்வரை அதை அழுத்திப் பிடித்திருக்கவேண்டி வருகிறது. அவ்வளவு நேரமும் உஷ்ணம் தகட்டின் வழியே உள்ளே இறங்கி, சுருள்களின் காப்புப் பூச்சையும், சுழற்சியின் நிலையை உணரும் சென்ஸார்ப் பலகையையும் வதைக்கிறது. அறுபது வாட்டுக்குக் குறையாத சக்தியும், உளிபோன்ற அகன்ற முனையும் உடைய அயனோ தகட்டை இரண்டு மூன்று நொடியில் சூடேற்றி, ஈயத்தை நீர்போல் ஓடச் செய்து, வேலையை முடித்து விலகிவிடுகிறது. பலமுள்ள கருவியே இங்கு மென்மையான கருவி. ஈயத்தை வாங்கும்போது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். அது குழம்புநிலையில் தங்காமல் திரவத்திலிருந்து நேரே திடமாகிவிடுவதால், உறையும் வேளையில் கை நடுங்கிப் பற்று கலைந்துபோகும் அபாயம் குறைவு. காரீயம் உடலுக்கு ஆகாதது. காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்வதும், முடிந்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் தவறாத பழக்கமாக இருக்கட்டும்.

பற்று உறைந்து முடியும்வரை கம்பியை இம்மியும் அசைக்காதீர்கள். அசைந்த பற்று மங்கி, மணல்மணலாக இருக்கும். அதை அப்படியே விட்டுவைக்காமல் மறுபடி ஃபிளக்ஸ் தடவி உருக்கிவிடுவதே நல்லது. இன்னொரு சூக்ஷ்மம் உண்டு. கம்பி எந்தத் திசையில் செல்லப் போகிறதோ அந்தத் திசையை நோக்கியே தகட்டிலிருந்து புறப்படும்படி பற்றவைக்க வேண்டும். மேல்நோக்கிப் பற்றவைத்துவிட்டுப் பிறகு பக்கவாட்டில் மடக்குபவர், நான் மேலே சொன்ன அந்த எல்லைக்கோட்டில் முதல் நாளிலேயே ஒரு நிரந்தர வளைவை உண்டாக்கிவிடுகிறார்.

புல்லட் கனெக்டர்களைப் பற்றி நம்மிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. மோட்டாரை அயனின் உதவியின்றிச் சில நிமிஷங்களில் மாற்றலாம் என்பது அவற்றை ஆதரிப்பவர்களின் கட்சி. அந்த வசதியை நான் மறுக்கவில்லை. தடித்த கம்பிகளையும் பெரிய மோட்டார்களையும் உடைய 1/8 அளவுக் கார்களில் அவை பெரிதும் வழங்குவதற்கு நியாயம் இருக்கிறது. ஆயினும் 1/10, 1/12 அளவுப் பந்தயக் கார்களில் மோட்டாரின் தகட்டிலேயே கம்பியை நேராகப் பற்றவைப்பதுதான் சிறந்தது என்பதே என் தீர்மானம். கனெக்டர் ஒன்றைச் சேர்க்கும்போது ஒரு பற்றின் இடத்தில் இரண்டு பற்றுகளும், நடுவே வில்விசையால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு தொடுமுகமும் உண்டாகின்றன. உஷ்ணம் அந்த வில்விசையைத் தளர்த்துகிறது. தளர்ந்த முகம் மேலும் சூடாகிறது. குலுக்கலில் மெல்ல மெல்ல வெளியே நழுவுகிறது. தொடக்கநிலைக் கிட்களில் மோட்டாரோடு வரும் மெல்லிய கம்பிகளின் சிறு கனெக்டர்கள் இவ்விதம் கழன்று போவதைப் பார்க்காத பந்தயத் திடலே இராது. அவற்றை விலக்க இயலாதவர்கள், இரு பாகங்களையும் இறுகப் பொருத்தி, அவை இழுபடாதபடி இரு புறமும் கம்பியைக் கட்டிவைத்து, ஒன்றையொன்று தொடாதபடி மூன்றையும் முன்பின்னாக வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் முழுவதும் மூடிவிட வேண்டும். எளிதில் கையால் உருவ முடிகிற கனெக்டரைத் தூக்கி எறிய யோசிக்காதீர்கள்.

இனி, கம்பி செல்லும் பாதை. பற்றின் பாரத்தை ஏற்கும் வேறோர் அங்கம் என்று சொன்னேன் அல்லவா? பற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, சேஸிஸிலோ மோட்டார் மவுண்டிலோ ஒரு பிடிமானத்தை அமைத்துக் கம்பியை ஜிப் டையால் கட்டிவிட்டால், குலுக்கல் யாவும் அந்தக் கட்டிலேயே நின்றுவிடும். பற்றுவரை சென்று சேராது. கட்டு, கம்பி நழுவாத அளவுக்கு இறுகியிருந்தால் போதும். மிகையாக இறுக்கினால் மென்மையான சிலிக்கோன் உறையை அது அறுத்துவிடும். கட்டுக்கும் பற்றுக்கும் இடையே கம்பி விறைத்து நிற்காமல் சற்றே தொய்ந்து இருக்கட்டும். மோட்டாரின் பற்சக்கரமாகிய பினியனை மாற்றும்போதெல்லாம் மோட்டார் முன்னோ பின்னோ சில மில்லிமீட்டர் நகர்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறிய பினியன் பூட்டியிருந்த நிலையில் அளவெடுத்துக் கச்சிதமாக வெட்டிய கம்பி, பெரிய பினியனுக்காக மோட்டார் விலகும்போது வீணைத்தந்தியாக விறைத்துப் போகிறது. மோட்டாரை அதன் நகர்ச்சியின் இரு கோடிகளிலும் வைத்துப் பார்த்து, தொலைவான கோடிக்கு எட்டும் அளவுக்கு மேல் சிறிது மிச்சம் விட்டு வெட்டுவதே விவேகம்.

சேஸிஸாக அமையும் கார்பன் ஃபைபர் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதை அறியாதவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதன் வெட்டுமுனை கத்திபோல் கூரியது. அதன்மேல் உரசிக்கொண்டு கிடக்கும் கம்பியின் உறை சில பந்தயங்களில் கிழிந்துவிடும். இரு கம்பிகளின் உறை அவ்விதம் கிழிந்து தகட்டைத் தொட்டால், இ.எஸ்.சி. எரிந்துபோகலாம்; பாட்டரியின் கம்பிகளாக இருந்தால் தீ விபத்துக்கும் அது காரணமாகலாம். தகட்டின் விளிம்புகளை உப்புக்காகிதத்தால் மழுக்கி, பசை பூசி அடைத்து, கம்பி கடக்கும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர்க் குழாயையும் வையுங்கள். சுழலும் ஸ்பர் கியர், பெல்ட், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் அருகே கம்பி போகும்படி ஒருபோதும் விடாதீர்கள். கார் நிற்கும்போது எட்டாத கம்பி, காற்றில் எழும்பி விழும்போது எட்டிவிடும்.

1/12 அளவுக் கார் ஓட்டுபவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்கள் காரில் மோட்டாரும் பின் அச்சும் ஏறியிருக்கும் பாட் என்னும் பகுதி, முன்பகுதியோடு மூட்டினால் இணைந்து தனியே அசைகிறது; அந்த அசைவே உங்கள் சஸ்பென்ஷன். இ.எஸ்.சி. முன்பகுதியிலும் மோட்டார் பாட்டிலும் இருப்பதால், மோட்டார்க் கம்பிகள் மூன்றும் அந்த மூட்டைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. விறைப்பான கம்பி, யாரும் வைக்காத ஒரு ஸ்பிரிங்காக அங்கே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இடப்புற வளைவில் ஒருவிதமாகவும் வலப்புற வளைவில் வேறுவிதமாகவும் திரும்பும் காரைச் சீராக்க, ஸ்பிரிங்குகளையும் டயர்களையும் மாற்றி மாற்றி அலுத்துப்போகும் அன்பர்கள், ஒருமுறை கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பாட்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்களாக. கம்பியின்றி நடுநிலைக்குத் திரும்பும் பாட், கம்பியோடு திரும்பாவிட்டால் குற்றவாளி யார் என்பது வெளிப்படை. இவர்கள் 14 அல்லது 16 கேஜ் அளவில் மிக மென்மையான கம்பியைத் தேர்ந்து, மூட்டின் இரு புறமும் பிடிமானம் வைத்து, நடுவில் தாராளமான ஒரு வளையம் விட்டுப் பூட்ட வேண்டும். தடித்த கம்பியால் மிச்சமாகும் சிறிதளவு வோல்டேஜைவிட, தடையின்றி அசையும் பாட் எட்டு நிமிஷப் பந்தயத்தில் பெரிய லாபம் தரும்.

சென்ஸார் உள்ள மோட்டாரில் ஏ, பி, சி என்று குறித்த தகடுகளுக்கு இ.எஸ்.சி.யிலும் அதே குறியுள்ள கம்பிகளே செல்ல வேண்டும். மாற்றிப் பூட்டினால் மோட்டார் துடிக்கும்; கருவியும் கெடக்கூடும். ஆறு மெல்லிய கம்பிகள் சேர்ந்த சென்ஸார் வயரின் சிறு பிளக்கும் குலுக்கலில் நழுவக்கூடியதே. அதற்கும் பக்கத்தில் ஒரு கட்டு போட்டுவிடுங்கள்.

ஒவ்வோர் ஓட்டமும் முடிந்து காரை மேசைக்குக் கொண்டுவந்தவுடன், பாட்டரியைக் கழற்றிவிட்டு, மூன்று கம்பிகளையும் பற்றின் அருகே விரல்களால் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதால் மூன்றின் உஷ்ணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாக இருந்தால், அந்தப் பற்றினுள்ளோ உறைக்குள்ளோ ஏதோ கெடத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதைவிடச் சுலபமான, செலவற்ற பரிசோதனை வேறொன்றும் இல்லை. ஆறிய பின்பு ஒவ்வொரு கம்பியையும் மென்மையாக இழுத்தும் பாருங்கள். உறைக்குள் இழைகள் அறுந்திருந்தால் கம்பி அந்த இடத்தில் துவண்டு விழுவதை விரல் உணரும். அப்போது பழைய முனையை இரக்கமின்றி வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனையைச் சீவிப் பற்றவைக்க வேண்டும். பழைய பற்றின்மேல் மேலும் ஈயத்தைக் குவிப்பது பரிகாரமாகாது.

ஒரு கம்பி அறுந்தால், கேடு மோட்டார் நின்றுவிடுவதோடு முடிவதில்லை. ஓட்டுநர் நிலைமை அறியாமல் திராட்டிலை அழுத்த, எஞ்சிய இரு கம்பிகளின் வழியே மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சுழல முடியாமல் துடிக்கும். இதனால் இ.எஸ்.சி. எரிந்துபோகவும் கூடும். அந்தக் காரை எடுக்கத் திடலுக்குள் ஓடுபவர் யார்? முந்திய ஹீட்டில் ஓட்டிவிட்டு, மார்ஷலாக வெயிலில் நின்றுகொண்டிருக்கும் நம் தோழர். மற்றக் கார்கள் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும் பாதையில் அவர் குனிய வேண்டியிருக்கிறது. துடிக்கும் சக்கரத்தின் அருகே கையை நீட்ட வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிஷ டூரிங் கார்ப் பந்தயத்தில் முதலிடத்துக்குப் போராடும் வேறு ஒருவர், நடுப்பாதையில் கிடக்கும் உங்கள் காரால் தம் ஓட்டத்தை இழக்கவும் நேரலாம். ஆகவே, நம் கம்பிகளைச் செம்மையாக வைத்திருப்பது திடலில் உள்ள பிறருக்கும் நாம் செலுத்த வேண்டிய மரியாதை என்று கருதுகிறேன்.

இறுதியாக, கழகங்களை நடத்தும் பெரியோர்களுக்கும், தொழில்நுட்பப் பரிசோதனை மேசையில் அமர்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காரின் எடையையும், தரையிலிருந்து அதன் உயரத்தையும், பாட்டரியின் வோல்டேஜையும் அளக்கிறீர்கள். அதே வேளையில் பாடியைத் தூக்கி, உறை கிழிந்த கம்பியோ, கட்டின்றித் தொங்கும் கம்பியோ உண்டா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உண்டென்றால் தண்டிக்க வேண்டாம். திருத்திக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பினால் போதும். அவ்வாறு திருப்பி அனுப்பப்படும் புதிய வாலிபரிடம் அகன்ற முனை அயன் இராது. நல்ல ஈயமும் இராது. அயனைப் பிடித்த பழக்கமும் இராது. இவை மூன்றும் உள்ள மூத்தவர்கள், பந்தயம் முடிந்து புறப்படும்வரை தங்கள் அயனைப் பொது மேசையில் சூடாக வைத்திருந்து, முதல் பற்றைத் தாங்கள் வைத்துக் காட்டி, இரண்டாவதையும் மூன்றாவதையும் அந்த வாலிபரின் கையாலேயே வைக்கச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களுள் ஒருவன்